ரோமில் ரதம்... சோழவரத்தில் கார்! வடசென்னை மறந்த ரேஸ் களம்

ரோம் நகரின் 'சர்க்கஸ் மாக்ஸிமஸ்' மைதானம் 600 மீட்டருக்கும் அதிக நீளம் கொண்டது. நான்கு குதிரைகள் பூட்டிய ரதங்கள் ஏழு சுற்று ஓட, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஆர்ப்பரிப்பார்கள். அங்கே 2,048 பந்தயங்களில் வென்ற ஸ்கார்பஸ் என்ற ரத வீரன், 27 வயதைத் தாண்டாமலே இறந்துபோனான். கி.பி. 549-ல் கடைசிப் பந்தயம் நடந்தது. இன்று அது மக்கள் காலாற நடக்கும் புல்வெளி.

'அதெல்லாம் ரோமில்' என்கிறீர்களா? நம் வடசென்னைக்குப் பக்கத்திலும் அப்படியொரு களம் இருந்தது. செங்குன்றத்தைத் தாண்டினால் வரும் சோழவரம்தான் அது!

இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் அங்கே இருந்தது. போர் முடிந்து விமானங்கள் போய்விட, 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அந்த ஓடுதளத்தில் ரேஸ் நடத்தியது. கோவை கரிவரதன் தன் கைவண்ணத்தில் உருவான கார்களோடு வந்தார். விஜய் மல்லையா பழைய ஃபார்முலா ஒன் காரில் சீறினார்.

வண்டிகளோடு வடசென்னைக்கு இருக்கும் உறவு அதோடு முடியவில்லை. எண்ணூரில் அசோக் லேலண்ட் லாரிகள், திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட்டுகள் தயாராகின. 1946-ல் திருவொற்றியூரில் பலூன் தயாரிக்கத் தொடங்கிய எம்.ஆர்.எஃப், பிறகு டயருக்கு மாறி, ரேஸிலும் பெயர் வாங்கியது.

1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்புக்குச் சொந்த டிராக் வந்தது. ரேஸும் அங்கே போய்விட்டது. 2024-ல் தீவுத்திடலைச் சுற்றி இரவு கார் ரேஸ்கூட நடந்தது.

ஆனால், வடசென்னை இளைஞர்களின் வேக ஆசை எங்கும் போகவில்லை. ராத்திரியில் எண்ணூர் விரைவுச் சாலையில் பைக்குகள் பறப்பது இந்தப் பக்கம் புதிதல்ல. டிராக்கில் ஹெல்மெட் உண்டு, ஆம்புலன்ஸ் உண்டு, எதிரே வண்டி வராது. இந்தச் சாலையிலோ கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன. பிள்ளை வீடு திரும்பும்வரை அம்மாக்களுக்குத் தூக்கமில்லை.

இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ரேஸ் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. வேகத்துக்கு ஏங்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், திட்டுவதற்கு முன் ஒருமுறை அங்கே கூட்டிப்போய்க் காட்டலாமே!