எட்டுத் தங்கக் கணக்கு

ஆகஸ்ட் 29 வந்துவிட்டால் சேலம், நாமக்கல் பக்கம் எந்தப் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனாலும் ஒரே பேச்சுதான். ஹாக்கி வீரர் தியான்சந்த் பிறந்தநாள், தேசிய விளையாட்டு நாள். சாமியானாவுக்குள் பிரமுகர்கள், வெயிலில் பிள்ளைகள். தாமதமாக வந்து சேரும் சிறப்பு விருந்தினர் மைக்கை இரண்டு தட்டு தட்டிவிட்டு ஆரம்பிப்பார்: “அன்று ஒலிம்பிக் ஹாக்கியில் எட்டுத் தங்கம். இன்று ஒரு வெண்கலத்துக்கே திண்டாட்டம். அன்றைக்கு இருந்தவர்கள் வீரர்கள். இன்றைய பசங்களுக்கு வெறி இல்லை.” உடனே கைத்தட்டல். வருடா வருடம் பேச்சாளர் மாறுகிறார், பேச்சு மாறுவதில்லை. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

முதலில் கதைகளைத் தள்ளிவிடுவோம். தியான்சந்தின் மட்டையில் காந்தம் இருக்கிறதா என்று உடைத்துப் பார்த்தார்களாம். ஹிட்லர் அவருக்குப் பதவி தருகிறேன் என்றாராம். அந்தப் பதவி ஒரு மேடையில் கர்னல், அடுத்த மேடையில் ஃபீல்டு மார்ஷல். நாமக்கல்லில் பேசுகிறவர் சேலத்தில் பேசியவரைவிட ஒரு படி உயர்த்தியே தருகிறார்.

தங்கக் கணக்குக்கு வருவோம். எட்டில் ஒன்று 1932-இல் லாஸ் ஏஞ்சலஸில் வாங்கியது. அந்த ஒலிம்பிக்கில் ஹாக்கி ஆட வந்த நாடுகள் மூன்று: இந்தியா, ஜப்பான், அமெரிக்கா. அவ்வளவுதான். ஜப்பானை 11-1, அமெரிக்காவை 24-1 என்று வென்றோம். அமெரிக்காவுக்கு எதிரான ஆட்டத்தில் ரூப்சிங் மட்டும் பத்து கோல், அண்ணன் தியான்சந்த் எட்டு. இந்த 24-ஐச் சொல்லும்போது பேச்சாளரின் குரல் சாமியானா தாண்டிப் போகும். ஆனால் அந்த வருடம் வெண்கலம் யாருக்கு என்று எந்த மேடையிலும் சொல்லக் கேட்டதில்லை. அது அமெரிக்காவுக்கு. ஜப்பானிடம் 2-9, நம்மிடம் 1-24 என்று ஆடிய இரண்டு ஆட்டத்திலும் தோற்ற அணி, ஒலிம்பிக் பதக்கத்தோடு வீட்டுக்குப் போனது. மூன்று பேர் ஓடிய பந்தயத்தில் மூன்றாவதாக வந்த பையனுக்கு நம்ம ஊர்ப் பள்ளியில் எவர்சில்வர் டம்ளர்கூடத் தரமாட்டார்கள். பேச்சாளரின் கணக்குப்படி பதக்கம்தான் திறமைக்கு அளவு என்றால், அந்த அமெரிக்கர்களும் 2024-இல் பாரிஸில் பன்னிரண்டு நாடுகள் ஆடிய போட்டியில் ஸ்பெயினை வீழ்த்திய ஹர்மன்பிரீத் சிங்கின் இந்திய அணியும் சமம். இரண்டும் வெண்கலம்தானே!

இன்னொன்றையும் பார்ப்போம். 1980 மாஸ்கோ. அணித்தலைவர் நம் தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரன். எனக்கும் அதில் பெருமை உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஆப்கானிஸ்தான் விவகாரத்தில் பல நாடுகள் புறக்கணித்த ஒலிம்பிக் அது. மேற்கு ஜெர்மனி இல்லை, நெதர்லாந்து இல்லை, பாகிஸ்தான் இல்லை, ஆஸ்திரேலியா இல்லை. ஆறே அணிகள். தான்சானியாவை 18-0, கியூபாவை 13-0. ஸ்பெயினை மட்டும் இறுதியில் 4-3 என்று மூச்சு வாங்க வென்றோம். ஹாக்கியை இவ்வளவு காலமாகப் பார்க்கிறவர்கள் கியூபாவை வேறு எந்த ஒலிம்பிக் ஹாக்கியில் பார்த்திருக்கிறார்கள்?

1928 முதல் 1936 வரை பிரிட்டன் ஒலிம்பிக் ஹாக்கிக்கு வரவே இல்லை. அடிமை நாட்டிடம் தோற்கப் பயந்தார்கள் என்று பேச்சாளர் சொல்வார். பயமோ வேறு எதுவோ, களத்தில் ஆள் இல்லை. 1936-இல் பெர்லினில் ஜெர்மனியை 8-1 என்று வென்றோமே என்பார். வென்றோம். அதற்குச் சில வாரம் முன்பு அதே பெர்லினில் பயிற்சி ஆட்டத்தில் 1-4 என்று தோற்றதை மட்டும் அவர் ஏனோ விட்டுவிடுவார்.

பதக்கத்தின் நிறத்தை வைத்து ஆளை எடை போடுவது எவ்வளவு அபத்தம் என்பதற்கு ஹாக்கி வரைக்கும் போகவேண்டியதில்லை. ஓமலூர்ப் பக்கத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு போதும். ஐந்து வயதில் பேருந்து ஏறிக் கால் சிதைந்த பையன். தாயார் காய்கறி விற்று வளர்த்தார். பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 2016 ரியோவில் 1.89 மீட்டர், தங்கம். 2021-இல் நடந்த டோக்கியோவில் 1.86, வெள்ளி. 2024 பாரிஸில் 1.85, வெண்கலம். “பாருங்கள், படிப்படியாக இறங்குகிறான்” என்று சேலத்துக்காரர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அதே 1.86-ஐ ரியோவில் தாண்டிய வருண் பாட்டிக்குக் கிடைத்தது வெண்கலம். டோக்கியோவில் சாம் கிரூ 1.88 தாண்டித் தங்கம் வாங்கினார். பாரிஸில் நம் சரத் குமார் அதே 1.88 தாண்டினார், கிடைத்தது வெள்ளி, ஏனென்றால் எஸ்ரா ஃபிரெச் என்கிற பையன் 1.94-ஐத் தாண்டிவிட்டான். கம்பி அதே உயரத்தில்தான் இருந்தது. பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதுதான் வேறு. டோக்கியோவில் மழை வேறு. ஊனமுற்ற காலில் போட்டிருந்த காலுறை நனைந்து, உந்தித் தாவ முடியவில்லை என்று மாரியப்பனே சொன்னார். சென்டிமீட்டரில் அளக்கிற ஆட்டத்திலேயே இந்தக் கூத்து. கம்பியே இல்லாத ஹாக்கியில் 1932-ஐயும் 2024-ஐயும் எந்த டேப்பை வைத்து அளப்பது?

ஹாக்கிக்குத் திரும்புவோம். 2008-இல் நம் அணி ஒலிம்பிக்குக்குத் தகுதியே பெறவில்லையே என்பார்கள். உண்மை. மேலே போவோம்.

அடுத்து ‘சதி’. புல்தரையை எடுத்துவிட்டுச் செயற்கைத் தரை போட்டு நம்மை வீழ்த்திவிட்டார்களாம். 1976 மான்ட்ரியலில்தான் ஒலிம்பிக் ஹாக்கி முதன்முதலில் செயற்கைத் தரைக்குப் போனது. நமக்கு ஏழாம் இடம். சரி. ஆனால் 1960-இல் ரோமில் பாகிஸ்தானிடம் 0-1 என்று தங்கத்தை விட்டது புல்தரையில். 1968-இலும் 1972-இலும் வெண்கலத்தோடு திரும்பியதும் புல்தரையில்தான். சதிக்காரர்கள் வருவதற்கு முன்பே புல் நம்மைக் கைவிட்டிருந்தது. அதோடு, தரை மாறியதால் ஆட்டமே மாறிவிட்டது என்று பேச்சாளரே ஒப்புக்கொள்கிறார். வேறு ஆட்டம் என்றால் பிறகு எதை எதோடு ஒப்பிட்டு ‘அன்றைக்கு இருந்தவர்கள் வீரர்கள்’ என்கிறார்?

விதிகளும் அப்படித்தான். தியான்சந்த் காலத்தில் ஆஃப்சைடு உண்டு. 1990-களின் கடைசியில்தான் அதை எடுத்தார்கள். இன்றைக்கு ஒரு ஃபார்வர்டு கோல்கீப்பரின் மூக்குக்கு நேரே போய் நின்று பந்துக்குக் காத்திருக்கலாம். தியான்சந்த் அப்படி நிற்க முடியாது. இது தியான்சந்துக்குச் சாதகமான வாதம். பேச்சாளர் இதைச் சொன்னதே இல்லை, நானே எடுத்துக் கொடுக்கிறேன். ஆட்டத்தின் நடுவே சளைக்காமல் ஆள் மாற்றுவதும் அப்போது இல்லை. மறுபக்கம், இன்றைய பெனால்டி கார்னர் டிராக்-ஃபிளிக்கின் வேகத்தை அன்றைய கோல்கீப்பர் பார்த்திருந்தால் மட்டையைப் போட்டுவிட்டு ஒதுங்கியிருப்பார்.

‘வெறி இல்லை’ என்பதற்குப் பதில் 2024 ஆகஸ்ட் 4, பாரிஸ், பிரிட்டனோடு காலிறுதி. 17-ஆவது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மீதி நாற்பது நிமிடத்துக்கும் மேல் பத்துப் பேர். 1-1 என்று இழுத்து, ஷூட்-அவுட்டில் 4-2. இதைவிட வெறி வேண்டும் என்றால் அதற்கு மருத்துவரைத்தான் பார்க்கவேண்டும்.

கடைசியாக ஒன்று. தியான்சந்தைச் சொல்கிறவர்கள் யாரும் ரிச்சர்ட் ஆலனைச் சொல்வதில்லை. 1928 ஆம்ஸ்டர்டாமில் நம் கோல்கீப்பர். இந்தியா 29 கோல் போட்டது, வாங்கியது பூஜ்யம். நம் இன்னொரு கோல்கீப்பர் பி.ஆர். ஸ்ரீஜேஷ் டோக்கியோவில் ஜெர்மனியோடு ஆடிய வெண்கல ஆட்டத்தில் மட்டும் நான்கு கோல் வாங்கினார். 1-3 என்று பின்தங்கி, 5-4 என்று வென்ற ஆட்டம் அது. மேடைக் கணக்குப்படி ஸ்ரீஜேஷ் ஆலனின் கால்தூசி. அப்படிச் சொல்ல எந்தப் பேச்சாளருக்கும் தைரியம் வராது, ஸ்ரீஜேஷ் அந்தக் கடைசி நொடிகளில் பெனால்டி கார்னரைத் தடுத்ததை நாடே டி.வி.யில் பார்த்தது. என்னைக் கேட்டால், ஆலனைத் தாண்டிப் பந்தடிக்கும் ஆள் 1928-இல் எதிரே வரவில்லை. ஸ்ரீஜேஷுக்கு எதிரே வாரா வாரம் வந்தார்கள். இதற்கு மேல் இரண்டு பேரையும் ஒரே தராசில் நிறுத்த எனக்குத் தெரியவில்லை.