ஆயிரம் ரூபாய்க்குப் பின்னால் ஒரு நாவல்

சங்கராபுரம் வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளின் வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் ஏறுகிறது. 'புதுமைப் பெண்' என்று நாம் சுருக்கிச் சொல்லும் அத்திட்டத்தின் முழுப் பெயரில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் இருக்கிறார். அவர் யார் என்பதைப் பணம் பெறும் மாணவிகள் அறிய வேண்டும்.

1883-இல் பிறந்த அவர், வறுமையால் சிறுவயதிலேயே ஒரு தேவதாசியிடம் விடப்பட்டவர். அந்த வாழ்க்கையை மறுத்துத் தன் இசை ஆசிரியரை மணந்தார். காங்கிரசிலும் பிறகு சுயமரியாதை இயக்கத்திலும் நின்று ஊர் ஊராகப் பேசினார். உள்ளிருந்து கண்டதை 1936-இல் 'தாசிகள் மோசவலை' என்ற நாவலாக எழுதினார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் போராட, அம்மையார் தெருவில் போராடினார். 1947-இல் சென்னை மாகாணம் பொட்டுக்கட்டும் முறையைத் தடை செய்தது. பொட்டுக்கட்டப்பட்டதால் ஒரு பெண் திருமண உரிமையை இழப்பதில்லை என்றும் அச்சட்டம் சொன்னது.

அம்மையார் தலித் அல்லர். ஆனாலும் அவர் அறுக்க நினைத்த கயிறு இன்று தலித் சிறுமிகளின் கழுத்தில்தான் கிடக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்து அருந்ததியர் குடும்பங்களில், நோயுற்ற பெண் குழந்தையை மாத்தம்மா கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கம் குறித்து 2017-இல் தேசிய மனித உரிமை ஆணையம் தமிழக அரசிடம் விளக்கம் கேட்டது. தடைச் சட்டம் வந்து 70 ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த நிலை!

மருத்துவமனையும் பள்ளியும் எட்டாத வீட்டில் நேர்த்திக்கடன்தான் மருந்தாகிறது. அதனால் அந்தத் தாயைப் பழிப்பதில் பயனில்லை. அவளுக்கு மருத்துவரும் மகளுக்குப் படிப்பும் கிடைக்கச் செய்வதே வழி.

நம் சேரிகளிலும் கல்வராயன்மலைக் கிராமங்களிலும் பெண்ணைப் பாதியில் நிறுத்தி மணமுடிப்பதும் அதே கயிற்றின் இன்னொரு முனைதான். உதவித்தொகை கல்லூரி வாசலை எட்டியவர்களுக்குத்தான் கிடைக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் நின்றுபோனவளுக்கு இல்லை. உங்கள் வகுப்பில் ஒரு தோழியின் இருக்கை திடீரெனக் காலியானால் ஆசிரியரிடம் கேளுங்கள். பதினெட்டு வயதுக்கு முன் அவளுக்குக் கல்யாணம் என்று தெரிந்தால் 1098-க்கு அழையுங்கள். அம்மையார் 1962-இல் மறைந்தார். அவர் பெயரில் பணம் வாங்கும் தலைமுறை அவர் விட்ட வேலையையும் கையில் எடுக்கட்டும்.