போர்டு போய்விட்டது என்று யார் சொன்னது?

கம்ப்யூட்டர் அடிக்கடி நின்று போகிறது என்று கடைக்கு எடுத்துச் சென்றால், இரண்டு பதில்களில் ஒன்று கிடைக்கும். "பார்மேட் பண்ணிடலாம் சார்." அல்லது, "மதர்போர்டு போயிடுச்சு சார்." கேபினட்டைத் திறந்து பார்த்தால் பிராசசர் விசிறி முழுக்கத் தூசி அடைத்திருக்கும். வாசகர்களுக்கு இது புதிதல்ல. வீட்டைச் சூடாக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர்களிடமும் இதே வியாதி இருக்கிறது என்பதைச் சென்ற ஜனவரியில், லண்டனில், 340 பவுண்டு கொடுத்துத் தெரிந்து கொண்டேன்.

ஊரில் இருக்கும் வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இங்கே பெரும்பாலான வீடுகளில் சென்ட்ரல் ஹீட்டிங் உண்டு. சமையலறைச் சுவரில் கேஸில் எரியும் பாய்லர் இருக்கும். அது சூடாக்கும் தண்ணீரை ஒரு பம்ப் குழாய்கள் வழியே ஒவ்வொரு அறையின் ரேடியேட்டருக்கும் அனுப்புகிறது. சூட்டை அறையில் விட்டுவிட்டுத் தண்ணீர் பாய்லருக்கே திரும்புகிறது. ஆறிய நிலையில் இந்தத் தண்ணீரின் அழுத்தம் 1 முதல் 1.5 பார் வரை இருக்க வேண்டும். உள்ளே சர்க்யூட் போர்டு, சில சென்சார்கள், ஒரு டிஸ்பிளே. ஏறக்குறைய ஒரு கம்ப்யூட்டர்தான்.

எங்கள் பாய்லருக்கு ஒன்பது வயது. ஒரு நாள் காலையில் வீடே சில்லிட்டுக் கிடந்தது. டிஸ்பிளேயில் ஒரு பிழை எண். மேனுவலைப் புரட்டினால், தண்ணீர் அழுத்தம் குறைவு என்றிருந்தது. அடியில் இருக்கும் ஃபில்லிங் லூப் குழாயைத் திறந்து தண்ணீர் நிரப்பினேன். ஓடியது. மறுநாள் காலை மறுபடி அதே எண். வெளியே மைனஸ் 3 டிகிரி. ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்கு 74 வயது. இரண்டு ஸ்வெட்டர், ஒரு கம்பளி, அதற்கு மேல் என் ஓவர்கோட் என்று சோபாவில் சுருண்டிருந்தார்கள்.

ஆளைக் கூப்பிட்டேன். வந்தவர் நம்மவர், யாழ்ப்பாணத்துக்காரர். முறையாகப் பதிவு பெற்றவர். மூடியைக் கழற்றிப் பத்து நிமிடம் பார்த்தார். "அண்ணை, போர்ட் பழுதாப் போச்சுது. சென்சார் சொல்றதைப் பிழையா வாசிக்குது. மாத்தினாச் சரி." மாற்றினார். தண்ணீரும் நிரப்பிவிட்டுப் போனார். மறுநாள் காலை அதே எண்!

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. விண்டோஸ் தகராறு செய்தால் ஈவென்ட் வியூவரில் என்ன பதிவாகியிருக்கிறது என்று முதலில் பார் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நான், பாய்லர் விஷயத்தில் அதைச் செய்யவில்லை. ஒரு நோட்டை எடுத்து நேரமும் அழுத்தமும் குறிக்க ஆரம்பித்தேன். காலையில் நிரப்பியதும் 1.3. ஒரு மணி நேரம் ஓடிய பிறகு 2.9. வெளிச்சுவரில் நீட்டிக் கொண்டிருக்கும் செப்புக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. இரவில் அணைத்து ஆறிய பிறகு 0.4. அடுத்த நாளும் ஏறக்குறைய இதே எண்கள்.

இது என்ன சொல்கிறது? தண்ணீர் சூடானால் விரியும். 100 லிட்டரை 10 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்குக் கொண்டு போனால் 2 லிட்டருக்குச் சற்று அதிகமாகவே கூடும். அந்தக் கூடுதல் தண்ணீருக்கு இடம் கொடுக்கத்தான் எக்ஸ்பான்ஷன் வெசல் என்ற இரும்புக் கலம் இருக்கிறது. அதன் நடுவே ரப்பர் தடுப்பு. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் அடைத்த காற்று. வருடக் கணக்கில் காற்று மெல்ல இறங்கிவிட்டால் தண்ணீர் விரிய இடமில்லை. அழுத்தம் 3 பாருக்கு ஏறும். பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வெளியே தள்ளும். ஆறியதும் உள்ளே தண்ணீர் போதாது. ஆக, போர்டு உண்மையைத்தான் சொல்லிக் கொண்டிருந்தது!

இரண்டாவதாக ஒரு பெண்மணி வந்தார். மூடியைத் தொடும் முன் என் நோட்டைப் படித்தார். வெளியே போய்ச் செப்புக் குழாயைப் பார்த்தார். பிறகு வெசலில் உள்ள, கார் டயரில் இருப்பது போன்ற வால்வை அழுத்தினார். காற்று வரவில்லை. தண்ணீரும் வரவில்லை, ஆகவே ரப்பர் கிழியவில்லை. தண்ணீரின் அழுத்தத்தை இறக்கிவிட்டு, பம்ப் வைத்து 0.8 பாருக்குக் காற்று அடித்தார். அடிக்கடி திறந்ததால் சரியாக மூடாமல் போயிருந்த பாதுகாப்பு வால்வையும் மாற்றினார். 110 பவுண்டு. பில்லில் முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்று எல்லா அளவுகளும் எழுதியிருந்தன.

என் கட்சி இதுதான். எதை அளந்தார், என்ன எண் வந்தது என்று எழுதித் தராமல் யாரும் ஒரு பாகத்தையும் மாற்றக்கூடாது. பிழை எண் என்பது நோயின் பெயர் அல்ல. ஒரு சென்சாரின் புகார், அவ்வளவுதான். பல பாய்லர்களில் பழைய பிழைகளின் பட்டியல் பதிவாகிறது. ஆனால் அது டெக்னீஷியன் மெனுவுக்குள் ஒளிந்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கியவனுக்கு அதைப் பார்க்க வழி வேண்டாமா?

வீட்டுக்காரனுக்குத் தகவலைக் கொடுத்தால் ஸ்குரூ டிரைவரோடு கேஸில் கை வைப்பான் என்கிறார்கள். பார்ப்பது வேறு, திறப்பது வேறு. பிரிட்டனில் கேஸ் சேஃப் பதிவு உள்ளவர்கள்தான் கேஸ் வேலை செய்ய வேண்டும் (2009 வரை இது கோர்கி என்ற பெயரில் இருந்தது). அந்தச் சட்டம் சரியானது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அலாரம் வைத்தே ஆக வேண்டும். கேஸ் வாசனை வந்தால் ஆராய்ச்சி வேண்டாம், 0800 111 999க்குப் போன் செய்யுங்கள்.

மூடியைத் திறக்காமலே தெரிந்து கொள்ளக் கூடியவை நிறைய. ரேடியேட்டர் மேலே குளிர்ந்து கீழே சூடாக இருந்தால் உள்ளே காற்று. சின்னச் சாவியால் வெளியேற்றிவிட்டு அழுத்தத்தைப் பாருங்கள். கீழே நடுவில் மட்டும் குளிர்ந்திருந்தால் துருச் சேறு. குழாயில் சுடுதண்ணீர் வருகிறது, ரேடியேட்டர் மட்டும் சூடாகவில்லை என்றால் தெர்மோஸ்டாட் பேட்டரியை முதலில் மாற்றிப் பாருங்கள், சிரிக்காதீர்கள்! அதற்குப் பிறகு டைவர்டர் வால்வைச் சந்தேகப்படலாம். உறைபனி இரவுக்குப் பின் பாய்லர் களகளவென்று சத்தமிட்டு நின்றால், வெளியே போகும் பிளாஸ்டிக் கழிவுநீர்க் குழாய் உறைந்திருக்கலாம். 2010 டிசம்பர் குளிரில் இங்கே ஏராளமான பாய்லர்கள் இப்படித்தான் நின்றன. வெதுவெதுப்பான நீரை ஊற்றி ரீசெட் செய்தால் போதும். கொதிநீர் கூடாது.

ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் வாங்கினால் இதெல்லாம் தீருமா என்று நண்பர் கேட்டார். அது உள்ளே நடப்பதை முழுதும் சொல்லாது. தவிர, பழைய நெஸ்ட் மாடல்களுக்கு 2025 அக்டோபரில் கூகுள் ஆதரவை நிறுத்தியது. சுவரில் திருகி இயக்கலாம், மொபைலிலிருந்து முடியாது. என் 50 பைசா நோட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

முதலில் வந்தவருக்குப் போன் செய்து, எதை அளந்து போர்டு என்று முடிவு செய்தீர்கள் என்று கேட்டேன். "பார்த்துச் சொல்றன் அண்ணை" என்றார். இரண்டு மாதம் ஆகிறது. ஒன்றும் ஆகாத அந்தப் பழைய போர்டு என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது.