கப்பலில் ஏற்றப்பட்டவர்கள்

நம்ம பசங்ககிட்ட வைக்கிங் பேச்சை எடுத்தா ரெண்டு கட்சி உடனே ரெடி. ஒண்ணு, சீரிஸ் பார்த்து ராக்னருக்கு ரசிகரானவங்க: கோடாரி, தாடி, வால்ஹல்லா. இன்னொண்ணு, கப்பலைப் பத்தி மட்டுமே பேசுற மெக்கானிக்கல் கோஷ்டி. நான் ரெண்டாவது கட்சி. (கொம்பு வச்ச ஹெல்மெட்டை மட்டும் ரெண்டு கட்சியும் விட்டுடுங்க. அது 1876-ல் ஜெர்மனியில் வாக்னரோட ஓபராவுக்குத் தயாரான மேடை உடுப்புல இருந்து பரவினது.)

அந்தக் கப்பல் உண்மையிலேயே பிரமாதம். ஒரு பலகையின் விளிம்பு மேல் அடுத்த பலகை படியுற மாதிரி வச்சு இரும்பு ரிவெட் அடிச்சிருப்பாங்க. அலை அடிக்கும்போது முழு உடம்பும் வளைஞ்சு கொடுக்கும். டென்மார்க்கில் ரோஸ்கில்டே பக்கம் 1962-ல் தோண்டி எடுத்த ஸ்குல்டெலெவ் 2 என்ற போர்க்கப்பல் கிட்டத்தட்ட 30 மீட்டர் நீளம், துடுப்பு போட 60 பேர். ஆனால் தண்ணிக்குள்ள முங்குறது ஒரு மீட்டர்தான்! துறைமுகமே தேவையில்லை, ஆத்துக்குள்ளயே போயிடலாம். 845-ல் செய்ன் ஆறு வழியா பாரிஸ் வரைக்கும் போனது இப்படித்தான். மர வளையங்களை வச்சுப் பார்த்ததில், இந்தக் கப்பல் 1042 வாக்கில் டப்ளின் பக்கத்து ஓக் மரத்தில் செய்ததுன்னு தெரிஞ்சது.

அந்த டப்ளினில்தான் கதை மாறுது. 841-ல் வைக்கிங்குகள் அங்கே கப்பல் முகாம் போட்டாங்க. பிறகு அது பெரிய அடிமைச் சந்தை ஆனது. 793-ல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைக் கொள்ளையடிச்ச கதை எல்லாருக்கும் தெரியும். தங்கம், வெள்ளின்னுதான் நினைக்கிறோம். மடத்துத் தங்கம் ஒரு தடவைதான் கிடைக்கும். மனுஷங்களைப் பிடிக்க மறுபடி மறுபடி வரலாம். டப்ளின் பக்கத்துல உள்ள ஹௌத்தில் இருந்து 821-லேயே ஏராளமான பெண்களைப் பிடிச்சுக்கிட்டுப் போனதை அயர்லாந்து ஆண்டுக் குறிப்புகள் பதிவு செய்திருக்கு. கிழக்கே வோல்கா நதிச் சந்தைகளில் அடிமைகளையும் ரோமத் தோலையும் கொடுத்து அரபு வெள்ளிக் காசு வாங்கினாங்க. சுவீடனின் காட்லாந்து தீவில் 1999-ல் கிடைச்ச ஒரு புதையலில் மட்டும் 67 கிலோ வெள்ளி, 14,000-க்கு மேல காசுகள். பெரும்பாலும் இஸ்லாமிய நாடுகளோடது.

அதனால "கொள்ளை ஒரு அத்தியாயம், பயணம் ஒரு அத்தியாயம், குடியேற்றம் ஒரு அத்தியாயம்"னு பிரிச்சுச் சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன். 870-களில் தொடங்கின ஐஸ்லாந்து குடியேற்றத்தையே எடுங்க. மரபணு ஆய்வுப்படி அங்கே குடியேறின ஆண்களில் முக்கால் பங்கு ஸ்காண்டிநேவியர்கள். பெண்களில் சுமார் 60 சதவீதம் அயர்லாந்து, ஸ்காட்லாந்து வழி! எல்லாரும் அடிமைகளா வந்தவங்கன்னு சொல்ல முடியாது, ஸ்காட்லாந்து தீவுகளில் இருந்து மனைவியா வந்தவங்களும் உண்டு. ஆனா இந்த வித்தியாசத்தை "காதல் கல்யாணம்"னு மட்டும் சொல்லித் தாண்டிட முடியுமா?

"அந்தக் காலத்துல எல்லாரும்தான் அடிமை வச்சிருந்தாங்க"ன்னு ஒரு பதில் வரும். உண்மைதான், அயர்லாந்து மன்னர்களும் யோக்கியர்கள் இல்லை. அப்போ போர்ச்சுகீசியரை அடிமை வியாபாரின்னு சொல்ற நாம, இவங்களுக்கு மட்டும் ஏன் "சாகசப் பயணி" பட்டம் கொடுக்கிறோம்? சீரிஸில் அடிமைகள் வராமல் இல்லை. பின்னாடி தட்டு எடுத்துட்டு நடக்கிற ஆளா வருவாங்க, அவ்வளவுதான்.

ஐஸ்லாந்துக்காரர்களே 13-ஆம் நூற்றாண்டில் எழுதி வச்ச லாக்ஸ்டேலா சாகாவில் ஒரு பெண் முன்னாடி வர்றா. ஹோஸ்குல்ட் என்பவன் சந்தையில் மூணு மார்க் வெள்ளி கொடுத்து அவளை வாங்குறான். ஊமைன்னு சொல்லித்தான் விக்கிறாங்க. ஊருக்குக் கூட்டிட்டுப் போறான், மகன் பிறக்குறான், அவ வாயே திறக்கலை. பையனுக்கு ரெண்டு வயசானப்போ, ஓடைப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டு ஹோஸ்குல்ட் போய்ப் பார்க்குறான். அவ மகன்கிட்ட பேசிக்கிட்டு இருக்கா. அப்புறம்தான் சொல்றா: பேரு மெல்கோர்க்கா, அயர்லாந்து அரசன் மகள், பதினஞ்சு வயசுல பிடிச்சுட்டு வந்தாங்க.

மகனுக்கு ஐரிஷ் மொழியைக் கத்துக்கொடுத்தா. அவன் பெரியவனாகி அயர்லாந்துக்குக் கப்பல் ஏறினான், தாத்தாவைப் பார்த்தான், திரும்பி வந்தான். மெல்கோர்க்கா போகலை.