‘பொது’ச் சொற்பொழிவு யாருக்கு?

பல்கலைக்கழகங்களில் ‘பொதுச் சொற்பொழிவு’ என்று அழைப்பிதழ் அடிக்கிறார்களே, அந்தப் ‘பொது’ யார் என்று எனக்கு யாராவது சொல்லுங்கள். நாள் செவ்வாய்க்கிழமை, நேரம் காலை பதினொரு மணி, வளாகமோ ஊருக்கு வெளியே. வாசலில் காவலர் அடையாள அட்டை கேட்கிறார். உள்ளே வருகைப் பதிவுக்காக உட்காரவைத்த மாணவர்கள். பொன்னாடை, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை எல்லாம் முடிந்தபின் பேச்சாளருக்கு மிஞ்சுவது அரை மணி. அதையும் அவர் ஆங்கிலத்தில் படித்துவிட்டு இறங்குகிறார்.

நான் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். பந்தல் செலவு, பயணப்படி, சாப்பாட்டுச் செலவு என்று பில் எப்படி வரும், எப்படிப் பாஸாகும் என்று தெரியும். ‘விழா சிறப்பாக நடைபெற்றது’ என்று எழுதிக் கோப்பை மூடுவார்கள். ஊர்க்காரர் எத்தனை பேர் வந்து கேட்டார்கள் என்ற கட்டத்தை எந்தப் படிவத்திலும் நான் பார்த்ததில்லை.

நிகழ்ச்சிகளிலும் இதே கதைதான். தமிழகத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் நாடகம் பார்க்கப் பேத்தியை அழைத்துப் போனேன். பாஸ் இல்லை, சின்னப் பிள்ளைக்கு அனுமதியும் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். திறந்திருந்த கதவு வழியே பார்த்தேன். பாதி நாற்காலி காலி.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பாரீசில் ‘கொலேஜ் தெ பிரான்ஸ்’ என்று ஒன்று உண்டு. மன்னர் முதலாம் பிரான்சுவா காலத்தில், 1530-ல் தொடங்கியது. அங்கே தேர்வு இல்லை, பட்டம் இல்லை, கட்டணம் இல்லை, பெயர்ப் பதிவுகூட இல்லை. தெருவில் போகிறவர் உள்ளே நுழைந்து உட்காரலாம். பேசுகிறவர்களோ துறையின் முதல் வரிசை அறிஞர்கள். தத்துவ அறிஞர் பெர்க்சன் பேசினால் இடம் பிடிக்க நெரிசல். 1970-களில் மிஷெல் ஃபூக்கோ பேசியபோது ஒரு கூடம் போதாமல் அடுத்த கூடத்திலும் ஒலிபெருக்கி வைத்தார்கள். கூட்டம் வந்ததால் அவர்கள் அறிவு குறைந்துவிட்டதா?

“அது பிரான்ஸ். நம் ஜனங்கள் சினிமாவுக்குத்தான் வருவார்கள்” என்பார்கள். அப்படியானால் சங்கரதாஸ் சுவாமிகள் யாருக்காக நாடகம் எழுதினார்? அவர் 1922-ல் மறைந்தது நம் புதுச்சேரியில். சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. அவருடைய வள்ளி திருமணத்தையும் பவளக்கொடியையும் பாட்டி முதல் கைக்குழந்தை வரை குடும்பமாக உட்கார்ந்து விடிய விடியப் பார்த்தார்கள். இன்று அந்த நாடகங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்குகிறார்கள். வாங்கட்டும். ஆனால் நாடகத்தை வாழவைத்த குடும்பங்களுக்கு அந்த அரங்கில் இடம் வேண்டாமா?

பிள்ளைகள் சத்தம் போடுவார்கள் என்பது இன்னொரு சாக்கு. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825-ல் தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் சிறுவர்களுக்காகவே நடப்பவை. பாரடே என்ற பெரிய விஞ்ஞானி ஒரு மெழுகுவத்தியை வைத்துக்கொண்டே அவர்களுக்கு வேதியியல் சொன்னார். சபையில் உட்காரும் பழக்கம் உட்காரவைத்தால்தானே வரும்?

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. மாதம் ஒரு சனிக்கிழமை, மாலை ஆறு மணி. வளாகத்தில் வேண்டாம், ஊருக்குள் ஒரு மண்டபம் போதும். ஒருவர் தம் ஆராய்ச்சியைத் தமிழில் சொல்லட்டும். அரை மணி நேரம் கேள்விக்கு ஒதுக்கட்டும். அடுத்த மாதம் மாணவர்கள் ஒரு நாடகம் போடட்டும், பாஸ் வேண்டாம். பொன்னாடையை நிறுத்தினாலே பாதிச் செலவு மிச்சம்.

என் வயதுக்காரர்களுக்கும் ஒன்று சொல்வேன். அழைப்பில் ‘அனைவரும் வருக’ என்று இருந்தால் பேரப்பிள்ளைகளோடு போங்கள். முன் வரிசையில் உட்காருங்கள். புரியாவிட்டால் எழுந்து கேளுங்கள். அங்கே எரியும் விளக்குக்கும் ஓடும் மின்விசிறிக்கும் நம் வரிப்பணமும்தான் போகிறது.