களைப்பறியாத கருவிகள்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையைப் பிரதட்சிணம் செய்ய வரும் ஜனங்கள், பகலின் உஷ்ணம் தணிந்தபின், இந்திர லிங்கம் முதல் ஈசானிய லிங்கம் வரை எட்டுத் திக்குகளுக்கும் உரிய எட்டு லிங்கங்களைத் தரிசித்துக்கொண்டு 14 கிலோமீட்டர் நடக்கிறார்கள். வலப்புறத்தில் 2,668 அடி உயரத்துக்கு நிலவொளியில் நிற்கும் மலையைப் பார்த்தபடி நடக்கிற அவர்களுடைய உள்ளத்தில் பக்தி இருக்கலாம், பிரார்த்தனை இருக்கலாம், வெறும் உல்லாசமும் இருக்கலாம். ஆயினும் எந்த மனோபாவத்தோடு வந்தவரும் தப்ப முடியாத ஒன்று அந்தப் பாதையில் உண்டு. சாலையோரத் தள்ளுவண்டியில் கட்டித் தொங்கவிட்ட சிறிய ஒலிபெருக்கியிலிருந்து, “எது எடுத்தாலும் இருபது ரூபா, வாங்க, வாங்க” என்று மாலை முதல் விடியும்வரை ஒலித்துக்கொண்டிருக்கும் குரலே அது.

அந்தக் குரலுக்கு உடையவர் அங்கே கூவிக்கொண்டிருக்கவில்லை. என்றோ ஒருநாள் பதிவு செய்துவைத்த ஒரே வாக்கியத்தை அந்த பேட்டரிக் கருவியிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாக டீ குடிக்கிறார். பத்தடி தள்ளி இன்னொரு வண்டி, இன்னொரு குரல். அதற்கப்பால் சுண்டலும் மாங்காயும் விற்கிறவருடைய குரல். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் எதையும் எவரும் விளங்கிக்கொள்வதில்லை; வாங்குகிறவர் கடைசியில் கண்ணால் பார்த்தே வாங்குகிறார். இது அந்த வியாபாரிகளுக்குத் தெரியாத ரகசியமன்று. ஆனால் தாம் மட்டும் கருவியை அணைத்துவிட்டால் பக்கத்து வண்டிக்காரருக்கே வியாபாரம் போய்விடும் என்ற பயத்தினால், ஒவ்வொருவரும் தமக்குப் பிரயோஜனமில்லாத ஒன்றைப் பிறருக்கு உபத்திரவமாக நடத்திக்கொண்டு போகிறார்கள்.

சௌகரியத்துக்காகப் பிறந்த ஒரு கருவி எந்தக் கட்டத்தில் உபத்திரவமாக மாறுகிறது என்று யோசிப்பதற்குத் திருவண்ணாமலையைப் போன்ற ஒரு க்ஷேத்திரம் நல்ல இடம். சத்தமே ஆகாது என்று சொல்ல வந்தவனல்லன் நான். கார்த்திகைத் தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு, கோயிலுக்குள் அர்த்தநாரீசுவரர் சில நிமிஷங்களே வெளிப்பட்டுத் திரும்ப, மலையுச்சிக் கொப்பரையில் மகாதீபம் சுடர்விடும்போது, லட்சோபலட்சம் பேர் ஏககாலத்தில் “அண்ணாமலையாருக்கு அரோகரா” என்று எழுப்பும் கோஷத்தைவிடப் பெரிய சப்தம் இந்த ஊரில் வேறில்லை. அதைக் கேட்டு எரிச்சலடைந்ததாகச் சொன்ன ஒருவரை நான் சந்தித்ததில்லை. அந்தக் கோஷம் மனிதத் தொண்டையிலிருந்து எழுவது. தொண்டைக்கு ஓர் எல்லை உண்டு. கொஞ்ச நேரத்தில் அது தானாகவே அடங்கிவிடும் என்பது எழுப்புகிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும்.

நம்முடைய பழைய வாழ்க்கையில் ஊரின் அமைதியைக் காத்துவந்தது சட்டமோ மரியாதையோ மட்டுமன்று, மனிதனுடைய களைப்பும்தான். தெருவில் கூவி விற்கிறவருடைய குரல் நாலு தெருவுக்குப் பிறகு கம்மிவிடும். பறையடித்துச் செய்தி சொல்கிறவர் முச்சந்தியில் சொல்லிவிட்டு அடுத்த முச்சந்திக்குப் போய்விடுவார். யந்திரம் இந்தக் களைப்பை மனிதனிடமிருந்து எடுத்துக்கொண்டது. அது பெரிய உபகாரம், சந்தேகமில்லை. ஆனால் களைப்பு என்ற காவலாளி போனபிறகு அந்த இடத்தில் வேறு யாரை நிறுத்துவது என்று எவரும் யோசிக்கவில்லை.

இதற்குச் சரியான திருஷ்டாந்தம், தமிழ்நாட்டின் சிறு கோயில்கள் பலவற்றில் இப்போது காணப்படும் மின்சார மேளம். ஓர் இரும்புச் சட்டம். அதில் ஒரு முரசு, ஒரு சேகண்டி, ஒன்றிரண்டு மணிகள். கீழே ஒரு மோட்டார். சுவிட்சைத் தட்டினால் சக்கரம் சுழன்று, கம்பிகள் எழுந்து விழுந்து, எல்லாவற்றையும் ஒருசேர அடிக்கத் தொடங்கும். மின்சாரம் உள்ளவரை ஒரே கதி, ஒரே பலம். கற்சுவர் சூழ்ந்த குறுகிய அர்த்தமண்டபத்தில் அந்த ஓசை நாலு பக்கமும் மோதித் திரும்புகையில், கைக்குழந்தைகள் வீரிட்டு அழுகின்றன. பெரியவர்கள் கும்பிட்ட கையை எடுத்துக் காதைப் பொத்திக்கொள்ளவும் தைரியமில்லாமல், தீபாராதனை எப்போது முடியும் என்று காத்திருக்கிறார்கள். சுவாமி தரிசனம் முடிவதற்காக ஆவலோடு காத்திருக்கும் நிலைமையைப் பக்தருக்கு உண்டாக்கிய கருவி சரித்திரத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

நாகஸ்வரமும் தவிலும் வாசிக்கப்பட்ட கோயிலில் இசை பூஜையைப் பின்தொடர்ந்து சென்றது. உஷக்காலத்துக்கு ஒரு ராகம், சாயரட்சைக்கு ஒரு ராகம், அர்த்தசாமத்தில் சுவாமியைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்யும்போது நீலாம்பரி, புறப்பாட்டுக்கு மல்லாரி என்று பொழுதுக்கும் காரியத்துக்கும் ஏற்ப அது மாறியது. திரை விலகும்போது எழுந்து, கற்பூரச் சுடர் உயரும்போது துரிதமாகி, சுடர் தணியும்போது தானும் தணிகிற அந்த விவேகம் தவில்காரருடைய கண்ணிலும் கையிலும் இருந்தது. கண்ணில்லாத மோட்டாரிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

இதைச் சொல்லும்போது, சுவிட்சைத் தட்டுகிற அர்ச்சகர்மேல் குற்றம் சுமத்துவது நியாயமாகாது. ஒருகால பூஜை மாத்திரமே நடக்கும் கோயிலில், ஒரு கையில் தீபத்தட்டும் மறு கையில் மணியுமாகத் தனியே நிற்கிற அவருக்கு, மேளக்காரருக்குச் சம்பளம் கொடுக்க நிதியில்லை என்பதும், கொடுக்க முன்வந்தாலும் நாள்தோறும் வந்து நிற்க ஆள் கிடைப்பதில்லை என்பதும் அனுபவத்தில் கண்ட உண்மைகள். யாரோ ஒரு உபயதாரர் பக்தியோடு வாங்கித் தந்து, தம் பெயரையும் அதன் நெற்றியில் எழுதி வைத்துவிட்டார். அதை மூலையில் போட்டுவிட அர்ச்சகருக்கு மனம் வராது. ஆனால் மேளமில்லாத கோயிலில் ஒரே ஒரு கைமணியின் நாதம் போதுமானதாயிருந்த காலம் ஒன்று இருந்தது. இல்லாமையை இல்லாமையாகவே விட்டிருந்தால் அமைதியாவது மிஞ்சியிருக்கும்.

யந்திரம் என்றாலே தொல்லை என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. 1955-இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் உருவாக்கிய மாவரைக்கும் கிரைண்டரை எடுத்துக்கொள்வோம். ஆட்டுரலின் முன்னால் தோள் நோக உட்கார்ந்திருந்த தமிழ்ப் பெண்களின் காலைப் பொழுதை மீட்டுக் கொடுத்த கருவி அது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு மிக்ஸி, மின்விசிறியோடு அதையும் விலையில்லாமல் வழங்கத் தொடங்கியபோது, அதை வீண் என்று சொல்ல அடுப்படியில் நிற்கிற எவருக்கும் வாய் வந்திராது. அதற்கும் இரைச்சல் உண்டு. ஆனால் இரைச்சலைக் கேட்கிறவளே மறுநாள் இட்லியையும் பெறுகிறாள். மாவு அரைபட்டதும் அணைக்கிற அதிகாரமும் அவளிடமே இருக்கிறது. சங்கீத உலகத்தில் பெங்களூரைச் சேர்ந்த ராஜ் நாராயண் போன்றோர் 1970-களின் கடைசியில் மின்னணுத் தம்பூராவைக் கொண்டுவந்தபோது பெரிய வித்வான்களுள் சிலர் முகம் சுளித்தது உண்டு. ஆயினும் இன்று தம்பூரா போட ஆள் கிடைக்காத வீடுகளில் அந்தப் பெட்டியைத் துணையாகக் கொண்டே எத்தனையோ குழந்தைகள் சுருதி சேர்ந்து பாடுகிறார்கள். பாடுகிறவருடைய காதே அதன் அளவை நிர்ணயிக்கிறது. ஆகவே ஒரு கருவியைப்பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி, அதை முடுக்குகிறவர் யார், அனுபவிக்கிறவர் யார், நிறுத்தும் உரிமை யாருடையது என்பதே. மூன்றும் ஒருவரிடமே இருந்தால் பெரும்பாலும் தொல்லையில்லை. மூன்று வேறு ஆட்களிடம் பிரிந்து கிடந்தால் எவ்வளவு நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டதும் சகிக்க முடியாததாகிவிடுகிறது.

நல்ல நோக்கம் என்றேன். 2020 மார்ச் மாதத்தில் நாட்டில் யார் யாருக்குத் தொலைபேசியில் அழைத்தாலும், மணி அடிப்பதற்கு முன்னால் ஓர் இருமல் கேட்டது நினைவிருக்கும். இருமலைத் தொடர்ந்து கொரோனாவைப்பற்றிய எச்சரிக்கை. முதல் வாரத்தில் அது மிகவும் அவசியமான செய்தி. ஆனால் மாதங்கள் கடந்து, வார்த்தைகளும் குரலும் மாறி, தேசம் முழுவதும் மனப்பாடமான பின்பும், வீட்டில் ஒருவருக்கு மூச்சுத் திணறுகிறதென்று பதறி உறவினரை அழைத்தவரும் கையைக் கழுவும்படி உபதேசம் கேட்டுவிட்டே காத்திருக்க நேர்ந்தது. அதை முடுக்கியவர் எங்கோ இருந்தார்; கேட்டவருக்கு அதில் வாய்த்தது கேட்பது ஒன்றே.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், கோபுர வாசலைச் சுற்றியுள்ள பூக்கடைகளிலும் இளநீர்க் கடைகளிலும், இப்போது “இருபது ரூபாய் பெறப்பட்டது” என்று அறிவிக்கிற சிறிய பெட்டியை வைக்கலாம். பணம் அனுப்பிவிட்டதாகப் பொய்த் திரையைக் காட்டி ஏமாற்றுகிறவர்களிடமிருந்து, பூத் தொடுக்கிற கையையும் கண்ணையும் எடுக்க முடியாத ஒரு மூதாட்டியைக் காப்பாற்றுகிறது அது. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைத் தெருவுக்கே பறைசாற்றுவது கொஞ்சம் நாகரிகக் குறைவுதான் என்றாலும், விஷயம் இருக்கும்போது பேசி, இல்லாதபோது மௌனமாயிருக்கிறது. இந்த ஒரு குணம் பல மனிதர்களிடமே அரிது.

ஒலிபெருக்கிக்கும் அதே நியாயந்தான். 1915-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் கிறிஸ்துமஸ் முன்னிரவில் பெருங்கூட்டத்துக்கு முன்னால் அது வைக்கப்பட்டபோது, ஒருவருடைய சொல் எல்லாருக்கும் எட்ட வேண்டும் என்பதே அதன் லட்சியம். தீபத் திருநாளில் கூட்டத்தில் தவறிப்போன குழந்தையின் பெயரையும் சட்டை நிறத்தையும் காவல்துறையினர் அறிவிக்கும்போது அந்த லட்சியம் நிறைவேறுகிறது. ஆனால் தள்ளுவண்டிகளின் பதிவுக் குரல்களுக்கு நடுவே அந்த அறிவிப்பும் அமிழ்ந்து போகிறது என்பதைக் கூட்டத்தில் நின்று கேட்டவர்கள் அறிவார்கள். எரிச்சல் என்று அலட்சியமாகச் சொல்லித் தள்ளிவிடும் விஷயம் அந்த இடத்தில் ஆபத்தாகிறது.

இத்தனையும் நடப்பது மௌனத்துக்குப் பேர்போன ஊரில். 1896 செப்டம்பர் முதல் தேதி பதினாறு வயதுப் பிள்ளையாக இங்கே வந்திறங்கிய ரமண மகரிஷி, 1950 ஏப்ரலில் சித்தியடையும்வரை இந்த மலையைவிட்டு நீங்காமல், பல வருஷங்கள் ஏறக்குறைய பேசாமலேயே இருந்து, பேசத் தொடங்கிய பின்னும் மௌனத்தையே மேலான உபதேசமாகக் கொண்டிருந்தார். அவர் கருவிகளை வெறுத்தவரல்லர். அவருடைய கூடத்தில் கடிகாரம் இருந்தது, பிற்காலத்தில் வானொலிப் பெட்டியும் இருந்தது. கேட்க வேண்டிய நேரத்தில் கேட்டுவிட்டு மூடிவைக்கப்பட்ட பெட்டி அது. அந்த ஆசிரமத்தின் வாசல் இருக்கிற செங்கம் சாலையில் இன்று பேருந்துகளின் ஏர் ஹாரன் ஒலிக்காத நாழிகை குறைவு.

நீதிமன்றங்கள் சும்மா இருந்துவிடவில்லை. கோயிலுக்குள் கைப்பேசி கூடாதென்று 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருச்செந்தூர்க் கோயில் வழக்கொன்றில் தமிழகம் முழுவதற்கும் பொருந்த உத்தரவிட்டது; நல்ல காரியம். பக்தருடைய சட்டைப்பையில் இருக்கும் யந்திரத்துக்கு அதனால் தடை வந்துவிட்டது. சன்னிதியிலேயே நிற்கும் யந்திரத்தைப்பற்றித்தான் யாரும் பேசவில்லை. அதற்கும் முன்னால், 2000 ஆகஸ்டில், சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியின் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும் ஒரு தேவாலயத்துக்கும் நடந்த வழக்கில், பிறருடைய அமைதியைக் குலைத்து ஒலிபெருக்கியாலோ முரசாலோ பிரார்த்தனை செய்யும்படி எந்த மதமும் விதிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டில் வந்த ஒலி மாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. விழாக்காலங்களில் மாநில அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம், அதுவும் ஆண்டில் 15 நாளுக்கு மேற்படாமல். குடியிருப்புப் பகுதிக்கு இரவில் விதிக்கப்பட்ட அளவு 45 டெசிபல். அந்தக் கணக்கில் பத்து கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்காகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், தள்ளுவண்டி ஒலிபெருக்கி அந்த எல்லையை எவ்வளவு தூரம் தாண்டிச் செல்கிறதென்பது விளங்கும்.

வியாபாரிகளில் ஒருவரைப் பிடித்துக் கருவியைப் பறிமுதல் செய்வதால் பயனில்லை. அவர் நஷ்டமடைவார், பக்கத்து வண்டி லாபமடையும், சத்தம் குறையாது. எல்லாரும் ஒரே சமயத்தில் அணைத்தால் எவருக்கும் நஷ்டமில்லை. ஆகையால் மாவட்ட நிர்வாகமும், 2024-இல் மாநகராட்சியாக உயர்ந்த திருவண்ணாமலையின் நிர்வாகமும், பௌர்ணமி இரவுகளில் கிரிவலப் பாதை முழுவதிலும் பதிவுக் குரல் ஒலிபெருக்கிகளுக்கு இடமில்லை என்றும், காவல்துறை, மருத்துவ உதவி ஆகியவற்றின் அறிவிப்புகளுக்கு மட்டுமே அனுமதி என்றும் ஒரே உத்தரவாகப் போட வேண்டும். விற்கிறவர்கள் வாயால் கூவி விற்கட்டும். அதை யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். அறநிலையத் துறையும் தன் பொறுப்பிலுள்ள கோயில்களில் மின்சார மேளத்துக்கு ஒரு நேர வரம்பாவது விதிக்கலாம். இரவு 10 மணிக்குப் பிறகான தடைக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. விதி வந்து இருபத்தைந்து ஆண்டுகளாகிவிட்டன.