வட்டத்தில் நின்ற எழுவர்

எசல பெரஹரா நாட்களிலே கண்டி வீதியோரம் நின்றோர் ஓர் ஒழுங்கினைக் கண்டிருப்பர். சாட்டையடிப்போர் முன்னே வருவர். அவ்வோசை கேட்டதும் கூட்டம் விலகி வழிவிடும். பின்னர் கொடி, முரசு, ஆடல், யானை என நிரை நீளும். கும்பல் பெரஹரா ஐந்து இரவுகளில் அடக்கமாகத் தொடங்குவது, ரந்தோலி பெரஹரா ஐந்து இரவுகளில் முழுப் பொலிவெய்தும். முதலிரவிலேயே எல்லாச் சிறப்பையும் காட்டிவிட்டால் பத்தாம் இரவுக்கு எவர் காத்திருப்பர்?

இவ்வினாவை நாம் எழுப்புவதற்குக் காரணம் உண்டு. இளைஞர் விரும்பும் 'டெக்னோ' இசையைக் கேட்டதும், "வெறும் இரைச்சல்" என்று பெரியோர் கதவைச் சாத்துகின்றனர். "பழம் பண்கள் எமக்கு எதற்கு?" என்று இளையோர் செவியைச் சாத்துகின்றனர். இரு சாராரும் ஒரே வீட்டின் இரு வாயில்களில் நின்று வழக்காடுகின்றனர் என்பதே நம் எண்ணம்.

டெக்னோ, 1980களில் அமெரிக்காவின் டெட்ரோயிற் நகரில் ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சோண்டர்சன் ஆகிய கறுப்பின இளைஞர்களால் வளர்க்கப்பட்டது. அதனை அரங்கில் வழங்கும் டீ.ஜே., ஓர் இசைத்தட்டு முடியுமுன்பே மற்றொன்றை அதனோடு இழைத்து, இரவை ஒரே ஓட்டமாகக் கொண்டுசெல்வார். தாளத்தின் வேகம் ஒத்தால் மட்டும் போதாது. சுருதியும் இணங்குதல் வேண்டும்.

இதற்கு அவர்கள் கடிகார முகம் போன்றதொரு சக்கரத்தைத் துணைக்கொள்கின்றனர். அதில் 12 வீடுகள். 8ஆம் வீட்டுப் பாட்டின் பின் 7ஆம் அல்லது 9ஆம் வீட்டுப் பாட்டு இசைந்து வரும். ஏனெனில், அடுத்தடுத்த வீடுகள் சட்ச பஞ்சம உறவுடையன. அவற்றின் ஏழு சுரங்களில் ஆறு பொது, ஒன்றே வேறு. எதிர் வீட்டுக்குத் தாவினாலோ செவி கூசும். சாதாரண இசைத்தட்டின் வேகத்தை நூற்றுக்கு 6 வீதம் கூட்டினால், சுருதியும் ஏறத்தாழ அரைச்சுரம் ஏறிவிடும் என்பதையும் அவர் மறத்தலாகாது.

வட்டத்தில் இசையை நிறுத்திப் பார்த்தல் நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையிலே, மாதரி கன்னியர் எழுவருக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பெயரிட்டு வட்டமாக நிறுத்துகின்றாள். கண்ணகி காண அவர்கள் ஆடுகின்றனர். உரையாசிரியர்கள் இச்சுரங்களை 12 இராசி வீடுகளில் வைத்து 'வட்டப்பாலை' என விளக்கினர். சுரங்களின் உறவை இணை, கிளை, நட்பு, பகை என வகுத்தனர். அங்கே வீடுகளில் நிற்பன தனிச் சுரங்கள், டீ.ஜே.யின் சக்கரத்தில் நிற்பன முழுச் சுரவரிசைகள். வேறுபாடு உண்டு. எனினும், உறவறிந்து இடம்பெயர்தல் என்னும் அடிப்படை ஒன்றே.

இம்மறைந்த இசையைக் கணித நோக்கோடு ஆராய்ந்து, 1947இல் 'யாழ் நூல்' தந்த விபுலாநந்த அடிகள், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். அப்பல்கலைக்கழகமே 1952இல் பேராதனைக்கு வந்தது. கண்டி மாணவர் அந்நூலைத் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை.

இனி, வரிசை. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் வகுத்த கச்சேரி முறையிலே வர்ணம் முன்னிற்கும், விறுவிறுப்பான கீர்த்தனைகள் தொடரும், விரிவான உருப்படி நடுவே ஓங்கும், துக்கடாக்கள் இளைப்பாற்றும், மங்களம் முடித்துவைக்கும். நல்ல டீ.ஜே.யும் மென்மையாகத் தொடங்கி, ஏற்றி, சற்றே இறக்கி, மீண்டும் ஏற்றுகின்றார். சபையின் மூச்சறிந்து நடத்துவோர்க்கே அரங்கு வசப்படும்.

இன்று பாட்டின் வீட்டெண்ணைக் கணினி நொடியில் கூறிவிடுகின்றது. ஆயினும் எண் செவியாகாது. இயந்திரம் பிழைப்பதும் உண்டு. மாணவர்களே, ஒரு பாட்டின் ஆதார சட்சத்தை வாயால் பிடித்துக்கொண்டு, அடுத்த பாட்டை ஒலிக்கவிட்டுப் பாருங்கள். இணையா, பகையா என்பதை உங்கள் செவியே சொல்லும். பெற்றோரே, அவ்வேளை அருகிலிருந்து நீங்களும் கேளுங்கள்.

பெரஹராவில் இறுதியாக வருவது பத்தினி தேவாலயத்தின் நிரை. அப்பத்தினி நம் கண்ணகியே. அன்று எழுவர் ஆடிய வட்டத்தைக் கண்டு நின்றவள், இன்றும் முரசொலியின் நடுவே கண்டி வீதியில் வருகின்றாள். கதவையும் செவியையும் திறந்து வைப்போம்.